குங்குமம் வைத்த துளை

எல்லப்பன் பாரதம் சொல்ல உட்கார்ந்தால் முதலில் ஒரு செருமல் செருமுவார். அந்தச் செருமலைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு, பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிற வீடுகள் முள்ளிப்பட்டில் இருந்தன. வருஷத்தில் பதினொரு மாதம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுப் பட்டுச்சேலை நெய்கிற மனிதர், வைகாசி வந்தால் துரோபதையம்மன் கோயில் பந்தலில் பதினெட்டு நாள் வேறு ஆளாகிவிடுவார். முப்பத்து நான்கு வருஷம் அப்படி ஓடியது.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் அந்தச் செருமல் கெட்டது. ஜலதோஷம் என்றார். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடித்தார். பொங்கலுக்குள் அவர் குரல், ஈரத்துணியை உதறுகிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. சித்திரையில்தான் மருமகன் ஜெயவேல் அவரை வேலூருக்கு அழைத்துப் போனான். கண்ணமங்கலம் தாண்டியதும் பஸ்ஸில் தூங்கிப் போனவர், திரும்பும்போது கண்ணை மூடவே இல்லை. டாக்டர் ஒரு தாளில் கழுத்தைப் படமாகப் போட்டுக் காட்டியிருந்தார். குரல்பெட்டியை முழுதாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பேச்சு இருக்காது.

"படுகளம் முடிஞ்சி வந்துடறேன் சார்" என்று எல்லப்பன் கேட்டுக்கொண்டார். பாரதத்தின் கடைசி நாள், துரியோதனன் விழுகிற நாள்தான் படுகளம். அதற்கு அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

வீட்டில் அவர் மகள் அபிதகுசாம்பாள் இருந்தாள். அபிதா என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை கலைந்து, இப்போது ஏழாம் மாதம். அவளிடம் எப்படிச் சொல்வது? ஆரணி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரம் நின்று மாமனாரும் மருமகனும் பேசி முடிவு செய்தார்கள்.

"தொண்டையில சதை வளந்து கீது, சொரண்டி எடுத்துடுவாங்கன்னு சொல்லுங்க மாப்ள. புள்ள பொறக்கற வரைக்கும் அதான்."

"அப்புறம் தெரிஞ்சா என்னைத்தான் மாமா வறுத்து எடுப்பா."

"வறுக்கட்டும். அப்போ நா ஒன்னும் சொல்ல முடியாது பாருங்க, உங்க பாடு" என்றார் எல்லப்பன். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜெயவேல் பாதி டீயைக் கீழே ஊற்றினான்.

ஜெயவேல் தறிக்காரன் வீட்டுப் பிள்ளைதான். இருபது வயதில், தறியில் நூலை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டு மைக்செட்டுக்குப் போனவன். 'அம்மன் சவுண்ட் சர்வீஸ்' என்று நீலப் பெட்டிகளில் எழுதியிருக்கும். ஊரில் எந்தக் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் அவன் குழாய் ஸ்பீக்கர்தான்.

அந்த வருஷம் பாரதம் சொல்லச் சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து வேறு ஒருவரைப் பேசியிருந்தார்கள். எல்லப்பன் கோயிலுக்குப் போனார். பதினேழு நாள் அவர் சொல்லட்டும், படுகளத்தன்று மட்டும் நான் சொல்கிறேன் என்று கேட்டார். கோயில் கமிட்டித் தலைவர் சின்னதுரை நெளிந்தார்.

"கோச்சிக்காதீங்க மாமா. நீங்க பேசறது எதிர்ல குந்தி கீற எனக்கே கேக்கல. அம்மாம் ஜனத்துக்கு எப்படிக் கேக்கும்?"

"துரியோதனனுக்கே படுகளத்துல தொடைதான்டா போச்சி, வாயி போவல" என்றார் எல்லப்பன். அதையும் சின்னதுரை காதருகில் குனிந்து சொல்ல வேண்டியிருந்தது.

"நா கேக்க வெக்கிறேன் தலைவரே" என்றான் ஜெயவேல். "மாமா ஒதட்ட அசைச்சா போதும். கடைசியில புளியமரத்தாண்ட கீறவனுக்கும் கேக்கும்."

"உன் மைக்செட்டு போன வருசம் கூவன கூவலுக்குக் கோயில் சேவலு தேவல."

"அது பழைய செட்டு. இப்போ கொண்டாறது வேற."

வந்தது வேறுதான். கண்ணமங்கலத்துத் தென்னரசு சென்னையில் கச்சேரி ஹால்களுக்குச் சவுண்டு வைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான், ஜெயவேலுக்குப் பழக்கம். முதலாளியைக் கெஞ்சி இரண்டு நாளைக்கு ஒரு டிஜிட்டல் மிக்சரைக் கொண்டுவந்தான். காதோரம் மாட்டுகிற சின்ன மைக் ஒன்றும் கொண்டுவந்தான். மூச்சு விட்டாலே பிடிக்குமாம்.

அந்த மிக்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா? பழைய மிக்சரில் ஒரு துளையில் ஒயரைச் சொருகினால் அதற்கு நேராக இருக்கிற பிடியைத் தள்ள வேண்டும், சத்தம் வரும். எந்தத் துளையாயிருந்தாலும் ஒன்றுதான். புதியதில் மேடையில் ஒரு பெட்டி, பந்தலில் மிக்சர், இரண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரே ஒரு நீல ஒயர். எல்லாச் சத்தமும் அதற்குள்தான் போய்வரும். எந்தத் துளைச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகவேண்டும் என்பதை உள்ளே எழுதி வைக்க வேண்டும். எழுதினபடிதான் போகும். ஒயரைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் தென்னரசு திரையைத் தொட்டுத் தொட்டு எழுதினான்.

"அண்ணே, மொத எட்டு எங்க ஹாலோடது. செவ்வாகெழம திரும்ப அங்கதான் போவணும், அதனால அழிக்கல. அதுல கை வெக்காதீங்க. ஒம்போதுலேர்ந்து நம்பளது. ஒம்போது ஐயா. பத்து முகவீணை, பதினொண்ணு மிருதங்கம், பன்னெண்டு ஆர்மோனியம். கூத்தாடறவங்களுக்குத் தொங்கற மைக்கு பதிமூணு."

"சரிப்பா, அந்த எட்டு பிடியத் தொடவே மாட்டேன்" என்றான் ஜெயவேல்.

தென்னரசு துளையைச் சொன்னான். ஜெயவேல் பிடியைச் சொன்னான். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

களத்து ஸ்பீக்கர்கள் போக, ஜெயவேல் இன்னொரு லைனும் கேட்டான். கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து, அரை மைல் தள்ளி நெசவுத்தெருத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் படுகளத்தைப் பார்க்கக்கூடாது. மண்ணில் பெரிதாகச் செய்து படுக்கவைத்த துரியோதனன் தொடையில் ரத்தம் கொட்டுவதை அவர்கள் கண் காணக்கூடாது என்பது அங்கே வழக்கம். அபிதா வீட்டில்தான் இருக்க வேண்டும். காதுக்குத் தடையில்லையே.

எல்லாம் முடித்து எல்லப்பன் காதில் மைக்கை மாட்டி, பேசுங்க என்றார்கள். மனிதருக்குக் கூச்சம். கிருஷ்ணன் பேரைச் சொன்னார், அவ்வளவுதான். களத்துக்கு நாலு மூலையிலிருந்தும் அந்தப் பெயர் எழுந்தது. கரகரப்பு இருந்தது, ஆனால் அது எல்லப்பன். ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குப் பின்னால், எதிரே இருந்த ஏரிக்கரை அதைத் திருப்பிச் சொன்னது.

"கரை திருப்பித் தருதுங்க மாப்ள" என்றார் எல்லப்பன். "எத்தினி மாசமாச்சி." ஜெயவேல் கையைப் பிடித்துக்கொண்டார்.

தென்னரசுக்கு மறுநாள் சென்னையில் வேலை. முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஏதாவது என்றால் போன் போடச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அபிதா அப்பாவுக்கு நொய்க்கஞ்சி வைத்து, மோர் விட்டுக் கரைத்து, ஆற்றிக் கொடுத்தாள். அவருக்கு அதுதான் இறங்கும். புருஷனுக்குக் கேழ்வரகுக் கூழும் மொச்சைக் கொட்டை வறுவலும்.

"நைனா, கத்தாதீங்க. மெசினு பாத்துக்கும்னு இவரு சொல்றாரு இல்ல. வியாழக்கிழம சொரண்டறப்போ தொண்ட புண்ணா இருந்தா டாக்டரு திட்டுவாரு."

"கத்தறதுக்கு எங்கம்மா கீது."

"நா தறியில குந்திகினே கேட்டுக்கறேன். பாஞ்சாலி கூந்தல முடியற எடத்துல மட்டும் ஓட்டாதீங்க, நிதானமா சொல்லுங்க. போன தபா ஜல்தியா முடிச்சிட்டீங்க."

"போன தபா மழ வந்துச்சிடி."

அவர்கள் கிளம்பியதும் அபிதா தறியில் இறங்கி உட்கார்ந்தாள். சேலை சுற்றும் மரம் வயிற்றில் இடிக்காமல் இருக்க ஒரு தலையணையை மடித்து வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம்: காலையில் உட்கார்ந்ததும் நெய்து நிற்கிற இடத்தில், கரையோரம் ஒரு வெள்ளை நூலைக் கட்டிவிடுவாள். சாயங்காலம் அங்கிருந்து முழம் போட்டுப் பார்ப்பாள். எல்லப்பனிடமிருந்து வந்த பழக்கம்தான் அது. அன்றைக்கும் நூலைக் கட்டிவிட்டு, குழாய் எப்போது பேசும் என்று காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

களத்தில் ஜெயவேல் பூசை போட்டான். மைக்செட்டுக்காரர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு முறை உண்டு. கோயில் காரியம் என்றால் பெட்டிக்கு மஞ்சள் தெளித்து, முதல் துளைக்குக் குங்குமம் வைத்து, பாரதம் சொல்கிறவரின் ஒயரை அதில்தான் சொருகுவார்கள். அம்மன் கதை போகிற வழி அது. மற்றது எல்லாம் அதற்கு அப்புறம். இருபது வருஷமாக ஜெயவேல் அப்படித்தான் செய்து வந்தான். மேடைப் பெட்டியில் மாமாவின் ஒயர் ஒன்பதாவதில், முகவீணைக்குப் பக்கத்தில், நடுவாந்தரமாகக் கிடந்தது. அவனுக்கு மனசு ஒப்பவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதை உருவி, குங்குமம் வைத்த முதல் துளையில் சொருகினான். பிடி எதையும் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய நிம்மதியோடு கற்பூரம் காட்டினான்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டது. மேல்காற்று தெருப் பக்கமாக மண்ணை வாரிக்கொண்டு போனது, தெருவிலிருந்து ஒரு சத்தமும் இங்கே வராது. மண் துரியோதனன் களத்தின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தான். சுற்றிலும் ஆயிரம் பேர். மிருதங்கமும் முகவீணையும் குழாய்களில் அதிர்ந்தன. சின்னதுரைகூடச் "செட்டு தூக்குது ஜெயவேலு" என்று வாய்விட்டுச் சொன்னார்.

எல்லப்பன் பச்சைக்கரை வேட்டியும் துளசிமாலையுமாக எழுந்து நின்றார். மேளம் அடங்கியது. உதடு அசைந்தது.

ஒன்றும் வரவில்லை.

ஜெயவேல் பிடியைத் தள்ளினான். மேலே, இன்னும் மேலே. ஒன்றும் இல்லை. எல்லப்பன் நிறுத்தவில்லை, அவர் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு, பேசுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்கு. அதில் வந்துகொண்டிருந்தது. கூட்டம் காதைக் கொடுத்துப் பார்த்தது, கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"சத்தம் வர்லப்பா மைக்செட்டு" என்று புளியமரத்துப் பக்கம் யாரோ கத்தினார்கள்.

ஜெயவேல் போனை எடுத்தான். தென்னரசு பஸ்ஸில் இருந்தான்.

"மாமா சத்தம் வெளிய வர்ல தென்னரசு."

"மத்தது?"

"எல்லாம் வருது. மாமா ஒருத்தரு மட்டும் வர்ல."

"ஐயா சேனல்ல பச்ச எரியுதா பாருங்க."

ஐயா சேனல் என்றால் ஜெயவேலுக்கு அது முதலாவதுதான். அவன் கண் வேறெங்கும் போகாது. முதலாவதில் பச்சை விளக்கு எல்லப்பன் உதட்டோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எரியுது. நல்லா துள்ளுது."

"அப்போ உள்ள வந்துட்டுது. வெளிய போற எடத்துலதான் பேஜாரு. தெரையத் தொடுங்க. அவுட்புட்டுனு ஒரு பக்கம் கீது பாருங்க."

"கட்டம் கட்டமா கீது."

"அதான். மொத கட்டம் இன்னா கலரு?"

"வெயில்ல ஒன்னும் தெரியலப்பா. இரு." துண்டை எடுத்துத் தலையையும் திரையையும் சேர்த்து மூடிக்கொண்டான். உள்ளே புழுக்கம், மூக்கு நுனியிலிருந்து வேர்வை திரையில் சொட்டி, அந்தச் சொட்டு பட்ட இடத்தில் பக்கம் தானாக மாறியது. "ஐயோ, வேற எங்கியோ போயிட்டுது."

"வுடுங்க. நேத்து வச்சதுலேர்ந்து ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒன்னும் மாத்தல. ஒரு பிடியத் தொடல. பூச போட்டேன், அவ்ளோதான்."

"ஒயர ஏதாச்சும் புடுங்கிப் போடட்டா?" என்று ஜெயவேலே கேட்டான்.

"புடுங்காதீங்க அண்ணே, பேசறப்போ புடுங்கனா வெடிக்கும், குழாயெல்லாம் போயிடும். ஆம்ப்ளிஃபயர்ல போயி..." அதோடு லைன் அறுந்தது. திரும்பப் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். இன்னொரு தடவையும் அவளே சொன்னாள்.

சின்னதுரை துண்டுக்குள் தலையை விட்டார். "இன்னா ஜெயவேலு, ஊமைப்படமா காட்டற?"

"ஒரு நிமிசம் தலைவரே."

"அந்தாளு நிக்கறதப் பாரு. நெஞ்சு எலும்பு தெரியுது. போயி ஒக்கார வையி."

"எப்படித் தலைவரே ஒக்கார வெக்கறது? நீங்க போயி சொல்லுங்க பாக்கலாம்."

சின்னதுரையும் போகவில்லை.

ஜெயவேல் ஓடிப்போய் மிருதங்கத்து மைக்கைக் கழற்றி மாமா வாயருகில் பிடித்தான். அது மேளத்தின் அடியை வாங்குகிற மைக். எல்லப்பனின் மூச்சு அதற்கு எறும்பு ஊர்கிற சத்தம். பிடியை ஏற்றச் சொல்லி ஜாடை காட்ட, சின்னதுரை எதையோ தள்ள, நாலு குழாயும் ஒரே குரலில் கூவின. கைப்பிள்ளைகள் அலறின. எல்லப்பன் முகத்தைச் சுளித்துக் கையால் மைக்கை ஒதுக்கிவிட்டார். கதையை மட்டும் நிறுத்தவில்லை. துரியோதனன் மடுவுக்குள் ஒளிந்து தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருக்கிற இடம் அது. இரண்டு கையையும் தலைக்குமேல் மூடிக்காட்டினார்.

முன்வரிசைக் கிழவிகளுக்கு மட்டும் வெறுங்குரல் கேட்டது. அவர்கள் திரும்பிப் பின்னால் சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் சொன்னார்கள். புளியமரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கதை புரண்டுவிட்டது.

"இன்னாவாம்?"

"வீமன் தண்ணியில முழுவிட்டானாம்."

"யாரு இழுத்துக் கரையில போட்டது?"

அங்கே சிரிப்பு எழுந்தது. சிரிக்கிற இடமில்லையே அது. எல்லப்பன் ஒரு நொடி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, ஏரிக்கரையைப் பார்த்தார். அதன் பிறகு கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. மண் துரியோதனன் முகத்தைப் பார்த்தே மிச்சக் கதையைச் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டபடி, கூந்தல் முடிகிற இடத்தில் நிதானமாக நின்றார். ஜெயவேலுக்கு அந்தக் கைமுத்திரை தெரியும். ஒரு கை மயிரைப் பிடிக்கும், ஒரு கை சுற்றும். சத்தமில்லாமல் அந்தக் கைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு மிக்சருக்கு முன்னால் நின்றான். தள்ளுவதற்குப் பிடி எதுவும் மிச்சமில்லை.

கதை முடிக்கிற வாழி சொல்லிக் கும்பிட்டார். கும்பிட்டது தெரிந்ததால் மேளம் பிடித்துக்கொண்டது. பீமன் வேஷக்காரனும் துரியோதனன் வேஷக்காரனும் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு புழுதி பறக்க ஓடினார்கள், கூட்டம் பின்னால் ஓடியது. களமே கத்தியது. எல்லப்பன் மேடை ஓரத்தில் இருந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்தார்.

ஜெயவேல் பார்த்தான்: முதலாவது சேனலில் பச்சை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காதிலிருந்த மைக்கை அவர் கழற்றவில்லை. பேசிக்கொண்டிருந்தார். யாரோடு? எதிரில் யாரும் இல்லை. மெதுவாக ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. வெகுநேரம் அப்படி.

அப்போதுதான் போன் அடித்தது.

"அண்ணே, டவரு வந்துச்சி. யோசிச்சிகினே வந்தேன். ஐயா ஒயரு எந்தத் தொளையில கீது?"

"மொதத் தொளையில. அங்கதானே வெக்கணும்."

அந்தப் பக்கம் கண்டக்டர் விசில் கேட்டது.

"ஒம்போதுல கீறத ஏண்ணே எடுத்தீங்க?"

"பூச போட்டேன்னு சொன்னேனே."

"மொதத் தொள எங்க ஹால்ல சவுண்டுக்காரன் பேசற மைக்கு அண்ணே. மேடையில நிக்கறவனுக்கும் உள்ரூமுக்கும் மட்டும் கேக்கணும், ஜனத்துக்குக் கேக்கக் கூடாதுன்னு எழுதி கீது. கிசுகிசுன்னு பேசினாலும் தெளிவா போவும். ஒம்போதுல மாட்டியிருந்தா முடிஞ்சிது."

ஜெயவேல் தறியில் பிறந்தவன். அவனுக்கு இப்போது புரிந்துவிட்டது, தேவைக்கு அப்புறம் புரிகிற மாதிரி. சேலையில் பூ விழவைக்கிற ஜக்காடு பெட்டியில் அடுத்தவன் டிசைன் அட்டையை மாட்டி வைத்துவிட்டு நீ எந்த நிற நூலைப் போட்டாலும் அவன் பூதான் விழும்.

"அப்போ மாமா பேசனது எங்கதான்பா போச்சி?"

"மேடையில ஐயா காலாண்ட ஸ்பீக்கரு. அப்புறம் உள்ரூம் லைனு." தென்னரசு தயங்கினான். "உள்ரூம் லைன்லதான் உங்க தெருக் குழாய இழுத்து வுட்டேன்."

ஜெயவேல் திரும்பி முதலாவது பிடியைக் கீழே இழுத்தான். பச்சை அணையவில்லை, அந்த வழி பிடிக்குக் கட்டுப்பட்டதில்லை. மேடைக்கு ஓடினான். எல்லப்பன் அதற்குள் மைக்கைக் கழற்றித் துண்டால் துடைத்து மடியில் வைத்திருந்தார்.

இனி தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நெசவுத்தெருவில் அன்றைக்கு, வர முடியாதவர்கள்தான் இருந்தார்கள்: அபிதா, பக்கத்து வீட்டுக் காத்தாயி, காய்ச்சல்காரர்கள், இரண்டு பச்சை உடம்புக்காரிகள். தொட்டிமேல் குழாயில் எல்லப்பன் எழுந்தார். முழுதாக எழுந்தார். ஒரு மூச்சு தவறவில்லை. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. காத்தாயி முறத்தோடு வெளியே வந்தவள் முறத்தை இறக்கவில்லை. அபிதா நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். தொண்டை தேறிவிட்டது என்று நினைத்தாள். கூந்தல் முடிகிற இடத்தில் அழுதாள். அது வருஷா வருஷம் அழுகிற அழுகைதான்.

வாழி முடிந்தது. குழாய் கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விட்டது. பிறகு அதே குரல், கதையை இறக்கி வைத்துவிட்ட குரல், மெல்ல வந்தது.

"ஆத்தா, ஒருத்தருக்கும் கேக்கலன்னு தெரியும். கரை திருப்பித் தர்ல. உனக்காச்சும் கேட்டுச்சா?"

காத்தாயி அபிதாவின் வாசலைப் பார்த்தாள்.

"வியாழக்கெழம பொட்டியோட எடுத்துடறாங்க. கழுத்துல ஒரு ஓட்ட போடுவாங்களாம், மூச்சுக்கு. சிலேட்டு ஒன்னு வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. எம் பொண்ணுகிட்ட சதையச் சொரண்டறாங்கன்னு சொல்லி வச்சிகீறேன். அதுக்கு ஒன்னும் தெரியாது. மாப்ள பாவம், அவரு முழிய பாத்தாலே எனக்குச் சிரிப்பு வருது."

கொஞ்சம் நின்றது.

"பயமா கீது ஆத்தா. சாவறதுக்கு இல்ல. அவ வயித்துல கீறது வெளிய வந்து என்னப் பாக்கும். தாத்தன் வாயத் தொறப்பான், ஒன்னும் வராது. இன்னா நெனச்சிக்கும் அது?"

அதற்குமேல் குழாயில் மேளம்தான்.

டிவிஎஸ் வண்டியில் மாமனாரைப் பின்னால் உட்காரவைத்து ஜெயவேல் ஏரிக்கரைமேல் வந்தான். எல்லப்பன் அவன் தோளில் மோவாயை வைத்து, காதோடு பேசினார்.

"கேட்டுச்சிங்களா மாப்ள, கடைசி வரிசைக்கு?"

"கேட்டுச்சி மாமா. நல்லா கேட்டுச்சி."

"புளியமரத்தாண்ட?"

"அங்கயுந்தான்."

அவர் அவன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். "சரிங்க மாப்ள" என்றார்.

தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் படுகளத்திலிருந்து வருகிறவனை நாலு கேள்வி கேட்காமல் விட்டதே கிடையாது. காத்தாயி ஒரு சொம்பு மோரோடு வந்தாள். "குடி சித்தப்பா, வடிகட்டித்தான் கீது" என்று கொடுத்துவிட்டு, சொம்பை வாங்கிக்கொள்ள நிற்காமல் போய்விட்டாள்.

"இவளுக்கு இன்னா வந்துச்சி?" என்றார் எல்லப்பன்.

ஜெயவேல் வண்டியை நிறுத்துகிற சாக்கில் அங்கேயே நின்றான்.

அபிதா தறிக்குழியில்தான் இருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நாடாவைக் கையில் எடுத்தாள்.

"இன்னா நைனா, நல்லா போச்சா?"

"போச்சிமா." அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துளசிமாலையைக் கழற்றினார். தொட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "இங்க ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்ல நைனா. குழாய் வேல செய்யல போல கீது. நா பாட்டுக்கு நெய்துகினு இருந்தேன்."

எல்லப்பன் தலையாட்டினார். எழுந்துபோகத் தறிமேல் கையை ஊன்றியவர், அப்படியே நின்றார். கரையோரம் வெள்ளை நூல், காலையில் அவள் கட்டிய இடத்தில், நெய்த துணியின் நுனியிலேயே அப்படியே இருந்தது. அதற்கு மேல் குறுக்கே ஒரு ஊடை நூல்கூட விழவில்லை. பழக்கத்தில் அவர் விரல் முழம் போடப் போய், போட இடமில்லாமல் அந்த முடிச்சின் மேலேயே நின்றது.

வாசலில் ஜெயவேல் வண்டியின் ஸ்டாண்டை மடக்கி, மறுபடி போட்டான்.

"இன்னாமா," என்றார் எல்லப்பன். அந்தக் குரல் தறியைத் தாண்டிப் போகவில்லை. "காலையிலேர்ந்து நூலு அறுந்துகினே இருந்துச்சா?"

அபிதா தலையைத் தூக்கவில்லை.

"ஆமா நைனா," என்றாள். "அறுந்துகினே இருந்துச்சி."